விடாத கை

ஆறு ஐம்பதுக்கு வர வேண்டிய பஸ் ஏழேகாலுக்கு வந்தது.

வரதய்யபாளையத்தில் ஏறியவர்களில் பாஸ்டர் பாலையா கடைசி ஆள். வலது கண்ணில் புரை. திருப்பதியில் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். போன மாதமே போயிருக்க வேண்டியது. சபையில் ஒரு கல்யாணம், ஒரு சாவு, பிறகு மழை. தள்ளிக்கொண்டே வந்துவிட்டது.

உள்ளே நகர்ந்தபோதுதான் கன்னிகாவைக் கவனித்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் புடவை. நெற்றியில் குங்குமம். பதினொரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை வெள்ளைப் புடவையில்தான் பார்த்திருக்கிறார். முதலில் வேறு யாரோ என்று நினைத்தார். கண்ணின் கோளாறு என்றும் நினைத்தார்.

"ஸ்தோத்திரம் ஐயா," என்றாள் கன்னிகா. சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் அவள் கணவன் உமாபதி. சபைக்கு வராதவன். வாசல் வரை வந்து அவளை இறக்கிவிட்டுவிட்டு பைக்கைத் திருப்பிக்கொண்டு போகிறவன். மடியில் மஞ்சள் பை வைத்திருந்தான்.

"ஒக்காருங்க பாஸ்டரே. எடம் கீது," என்று நகர்ந்தான்.

கண்டக்டர் தெலுங்கில் ஆதார் கேட்டார். கன்னிகா காட்டினாள். அவளுக்குக் கட்டணமில்லாத டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். உமாபதி சட்டைப் பையைத் துழாவினான்.

"பாத்தீங்களா? இவளுக்கு பஸ்ஸும் ஃப்ரீ, மோட்சமும் ஃப்ரீ. நம்பதான் எல்லாத்துக்கும் அழுவணும்."

பின்சீட்டில் ஒருவர் சிரித்தார். பாலையாவும் சிரிக்கப் பார்த்தார்.

"எங்க, ரெண்டு பேரும்?"

"மலைக்கி. அலிபிரில ஏறி நடக்கப் போறோம். இவளுக்கு மொட்ட."

"வேண்டுதலா?"

"வேண்டுதலாவது ஒண்ணாவது. அவளயே கேளுங்க. எனுக்கு வெளிய சொல்லவே வெக்கமா கீது."

கன்னிகா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீசிட்டிக்குப் போகும் கம்பெனி பஸ்கள் எதிரே வரிசையாக வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே நிறச் சட்டை போட்ட பிள்ளைகள் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கினார்கள். அவள் முகத்தைத் திருப்பவில்லை.

தருண் அப்படி ஒரு சட்டைதான் போட்டிருந்தான்.

அவளுடைய ஒரே பிள்ளை. இருபத்து மூன்று வயது. சென்ற வருடம் ஷிப்ட் முடிந்து சத்தியவேடு ரோட்டில் பைக்கில் வரும்போது லாரி அடித்தது. அவன் ஞானஸ்நானம் எடுக்காதவன். எடுக்க மனமில்லாமல் அல்ல. சபையில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரில் இறங்குவதற்கு முந்தின ஞாயிறு எல்லோர் முன்னாலும் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொல்ல வேண்டும். எப்போது விசுவாசித்தேன், எப்படி விசுவாசித்தேன் என்று. நாலு வரி போதும். பாலையா வருவதற்கு முன்பே இருந்த வழக்கம். அவர் அதை மாற்றவில்லை.

தருணுக்குக் கூட்டத்தில் வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. முதல் தடவை மைக்கை வாங்கிக்கொண்டு நின்றான். ஃபேன் சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் கேட்டது. இரண்டாம் வருடமும் நின்றான். மூன்றாம் வருடம், அவனுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று யாரோ ஒரு பாட்டை ஆரம்பித்தார்கள். எல்லோரும் கைதட்டிப் பாடினார்கள். பாட்டு முடிவதற்குள் அவன் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அவனை யாரும் கூப்பிடவில்லை.

பஸ் ஸ்ரீகாளஹஸ்தியில் நின்றது. பத்து நிமிஷம் என்றார் கண்டக்டர். உமாபதி டீ குடிக்க இறங்கினான். பையை அவளிடம் கொடுத்தான்.

"உங்களுக்கு சர்க்கர இல்லாமதான பாஸ்டரே?"

"வேணாம்பா. நீ குடி."

அவன் போனதும் நடு சீட் காலியாக இருந்தது. இருவரும் நகரவில்லை.

"கன்னிகாம்மா. எதாவது கஷ்டமா? ஒடம்பு சரியில்லியா? சபைக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா செபம் பண்ணியிருப்போமே."

"கஷ்டம்லாம் ஒண்ணும் இல்ல ஐயா."

"பின்ன?"

"எனக்கு அது வேணாம் ஐயா."

"எது?"

"நீங்க குடுத்தது."

"நான் உனக்கு ஒண்ணும் குடுக்கலியேம்மா."

"ரட்சிப்பு," என்றாள்.

பாலையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தாலும் வலது பக்கம் வெள்ளையாகத்தான் தெரியும். விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிப் போனவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போனவர்கள் உண்டு. பெண்ணுக்கு வரன் அமையவில்லை என்று போனவர்களும், கொழுந்தன் வீட்டு விருந்துக்காகப் போனவர்களும் உண்டு. போய்விட்டு வந்து அழுவார்கள். அவர் தலையில் கை வைப்பார். எல்லோரும் கேட்பது ஒன்றுதான். ரட்சிப்பு எனக்கு இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா. போகவில்லை என்று சொல்லிச் சொல்லி அவருக்கு அந்த வார்த்தை தேய்ந்துவிட்டது. வேண்டாம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

"அது போகாதும்மா."

"தெரியும். நீங்கதான் சொல்லிக்கினே இருந்தீங்களே. ரோடு தாண்டசொல்ல புள்ள நம்ம கைய புடிச்சா வுட்டுடும், நம்ம புள்ள கைய புடிச்சா வுடமாட்டோம்னு. கடவுள் புடிச்ச கை அப்படின்னு. இப்பல்லாம் அத சொல்றதில்ல நீங்க."

அந்த உவமையை அவர் ஒரு வருடமாகச் சொல்வதில்லை. யாரும் கவனித்திருப்பார்கள் என்று நினைக்கவில்லை.

"நானும் வுட்டுப் பாத்தேன் ஐயா. பொட்டு வெச்சேன். ஒண்ணும் ஆவல. கங்கம்மா திருவிழால ஆடு வெட்டுன கறி துன்னேன். அது வெட்டசொல்ல, எல்லாரும் கும்பிட்டுக்கினு நிக்கறாங்க, நான் ஸ்தோத்திரம்னுட்டேன். தானா வாயில வந்துட்சி. எங்க நாத்தனாருங்க சிரிச்ச சிரிப்பு இருக்குதே." அவளும் லேசாகச் சிரித்தாள். "ராத்திரி படுத்தா செபம் வருது. வேணாம்னு வாய மூடிக்கினா உள்ளே ஓடிக்கினே கீது. எங்கியும் போவல. அப்படியே கீது."

"அப்ப ஏம்மா?"

கேட்கும்போதே தெரிந்தது. தெரிந்தும் கேட்டார்.

"அந்த மோட்சத்துல அவன் இல்லியே ஐயா."

வெளியே ஒருவன் வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டு போனான். ஜன்னலுக்குக் கீழே நின்று தெலுங்கில் விலை சொன்னான். கன்னிகா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"திருவிருந்துல அப்பத் தட்டு வரும்போது நீ எடுக்காம பக்கத்துல தள்ளி வுடறன்னு சொன்னாங்க. துக்கத்துல இருக்கியேன்னு வுட்டுட்டேன்."

"வருஷம் பூரா எடுக்கல. அதுலயும் போவல." அவள் பையின் காதை விரலில் சுற்றினாள். "மலைக்கி முன்னாடியே வந்திருப்பேன். இவங்க வூட்ல வுடல. சாவு வூடு, வருஷம் திரும்பாம மலை ஏறக் கூடாதாம். தீட்டாம். போன வாரந்தான் தெவசம் குடுத்து முடிச்சாங்க. நம்ம சாமி வூட்டுல கதவ தொறந்து வெளிய வுடமாட்டேங்கறாங்க. அவங்க சாமி வூட்டுல கதவ தொறந்து உள்ள வுடமாட்டேங்கறாங்க. நடுவுல நான் ஒரு வருஷம் ஒக்காந்துக்கினு கீறேன்."

உமாபதி ஏறி வந்தான். டீ வாசம் வந்தது. இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தான்.

"சொல்லிட்டாளா?" என்றான்.

பஸ் கிளம்பியது.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. கண் மருத்துவமனை பாலத்துக்கு அந்தப் பக்கம். டோக்கனை நேரத்துக்குப் போடாவிட்டால் இன்றைக்குப் பார்க்க மாட்டார்கள். பாலையா அவர்களுடன் நின்றுகொண்டிருந்தார். உமாபதி ஷேர் ஆட்டோ பிடித்தான்.

"நீங்க இன்னா பாஸ்டரே, மலைக்கி வர்றீங்களா? வாங்க, வாங்க. ஒரு லட்டு வாங்கித் தர்றேன்."

"அலிபிரி வரைக்கும் வர்றேன்."

"கைல இருக்கற பைபிள் பைய அங்க வெளிய எடுத்துக்கினு நிக்காதீங்க. ஏதாவது பிரச்சாரம்னு நெனச்சிக்கப் போறாங்க."

பாலையா பையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். சிலுவைப் படம் போட்ட பக்கம் வயிற்றோடு ஒட்டியது.

ஆட்டோவில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். உமாபதி தமிழில், தாழ்ந்த குரலில், பாலையாவின் காதருகே பேசினான். சிரிப்பு போயிருந்தது.

"ஒண்ணு சொல்றேன் பாஸ்டரே. நான் கும்பிடற சாமி. எங்க நைனா என்ன தோள்ல தூக்கிக்கினு ஏறினாரு. இவ பத்து வருஷமா கையக்கூட குவிக்காம இருந்தா, நான் ஒண்ணும் கேக்கல. அவ இஷ்டம். இப்ப வந்து, உங்க சாமி அவள வுட்டு அழிஞ்சி போவணும்னு எங்க சாமிகிட்ட முடி குடுக்கறாளாம். எங்க சாமி இன்னா அழுக்கு தேக்கற சோப்பா?"

"அவகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அழுதா. புள்ளைக்கோசரம்னா. அதுக்கு மேல இன்னா சொல்ல? எனுக்கும்தான் புள்ள." அவன் வெளியே பார்த்தான். "அவன் அங்க கீறான், இங்க கீறான்னு எனக்குத் தெரியாது. எரிச்சாலும் பொதச்சாலும் போயிட்டான். நீங்கதான் அட்ரஸ்லாம் சொன்னீங்க."

பாலையாவுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. பந்தல் போட்டிருந்தார்கள். உமாபதியின் சொந்தக்காரர்கள் நிறையப் பேர். சபை வழக்கப்படி அடக்க ஆராதனையில் வசனம் சொல்லி, இரட்சிக்கப்படாதவர்களை அழைக்க வேண்டும். எல்லாச் சாவிலும் சொல்வதைத்தான் சொன்னார். இந்தத் தம்பிக்கு நேரம் இருந்தது. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினான். இனி நேரம் இல்லை. கதவு மூடிவிட்டது. உங்களுக்கு இன்னும் திறந்திருக்கிறது. கையை உயர்த்துங்கள். யாரும் உயர்த்தவில்லை. கன்னிகா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அதை அவர் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

அலிபிரியில் கூட்டம் அதிகமில்லை. முதல் படியில் சூடம் எரிந்தது. பெண்கள் குனிந்து குனிந்து படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு ஏறினார்கள். மேலேயிருந்து ஒரு குடும்பம் இறங்கி வந்தது. எல்லோருக்கும் மொட்டை. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. இறங்கி வந்தவர்களின் முழங்கால்கள் நடுங்கின. ஆனால் முகத்தில் ஏதோ முடித்துவிட்ட தெளிவு.

"மூணு கத்தரி வெட்டு முடி குடுத்தா போதும்," என்றான் உமாபதி, கன்னிகாவிடம். "பொம்பளைங்க எத்தன பேரு அதோட வுட்டுட்றாங்க. நம்ம வூட்ல எல்லாரும் அப்படித்தான்."

"பத்தாது."

"யாருக்குப் பத்தாது? சாமிக்கா, உனக்கா?"

"செருப்ப வுட்டுட்டு வாங்க," என்றாள்.

அவன் இருவருடைய செருப்பையும் எடுத்துக்கொண்டு போனான். மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்ச். கன்னிகா உட்கார்ந்தாள். பாலையா இடம் விட்டு உட்கார்ந்தார். கால் வலித்தது. காலையில் மாத்திரை போட்டும் எதுவும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"நான் கேக்கறதுக்கு ஒரே பதில் சொல்லுங்க ஐயா. நான் இவ்ளோ படி ஏறி, முடியும் குடுத்துட்டா, அது போய்டுமா? போவாதுன்னா சொல்லிடுங்க. நான் ஏறல. அவருக்கும் முட்டி வலி. சும்மா எதுக்கு?"

"கன்னிகாம்மா, தருண் மனசுல இன்னா இருந்ததுன்னு நமக்குத் தெரியாது. கடவுளுக்குத் தெரியும். அவன் உள்ளுக்குள்ள விசுவாசிச்சிருக்கலாம்."

"அன்னிக்கி உங்களுக்குத் தெரிஞ்சிதே ஐயா."

"அது... அது எல்லா சாவுலயும் சொல்றதும்மா."

"எல்லா சாவுலயும் சொல்றது நெசம் இல்லியா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. ரேஷன் கடையில் அரிசி வந்துவிட்டதா என்று கேட்பது போலக் கேட்டாள்.

பாலையா பையை மடியில் வைத்தார். முப்பது வருடம். இதே கேள்வியை அவர் மறுபக்கத்திலிருந்து பார்த்ததில்லை. அவருக்கு முன்பிருந்த பாஸ்டர், பாவம் செய்தால் அந்த நிமிஷமே போய்விடும் என்று பிரசங்கிப்பார். ஜனங்கள் பயத்தில் செத்தார்கள். பொய் சொன்னேன், போச்சா. மாமியாரைத் திட்டினேன், போச்சா. பாலையா வந்து அதை மாற்றினார். வாங்கியவனிடமிருந்து அது எடுக்கப்படாது என்றார். ஜனங்கள் முதல் முறையாக நன்றாகத் தூங்கினார்கள் என்று பெருமையாக நினைத்திருந்தார். அந்த ஒரு நல்ல காரியத்தைச் செய்திருக்கிறோம் என்று.

அவளைப் பார்த்தார். ஒரு வருடத்தில் கன்னம் ஒட்டியிருந்தது. பின்னல் மட்டும் கனமாக, முழங்கை வரை. எண்ணெய் வைத்துப் பின்னியிருந்தாள், கொடுக்கப் போகிற முடியை.

போய்விடும் என்று சொன்னால் பயந்து திரும்பலாம். அல்லது நிம்மதியாகப் படி ஏறலாம். எதற்காகச் சொல்கிறோம் என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை.

"போய்டும்," என்றார்.

கன்னிகா நிமிர்ந்தாள்.

"நெசமாவா?"

"ஆமா. தெரிஞ்சே விட்டா போய்டும்."

"அப்படின்னா புடிச்ச கை?"

"விட்டுடும்."

அவள் புடவையைச் சரிசெய்துகொண்டாள். படிகளைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம சபைல இத சொல்லுவீங்களா ஐயா?"

"எதுக்கும்மா?"

"மைக் புடிச்சி. எல்லாரு முன்னாடியும். மனசுல வெச்சிக்கினா செல்லாது, வாயால சொன்னாதான் செல்லும்னு நீங்கதான சொல்லுவீங்க. எனக்குத் தனியா ஒண்ணு சொல்றீங்க. அவங்களுக்கு வேற. எது செல்லும்னு நான் எப்படி தெரிஞ்சிக்கறது? நீங்க அங்க சொல்லுங்க. நான் வந்து ஒக்காந்து கேக்கறேன். கேட்டுட்டு அடுத்த வாரம் வந்து ஏறிக்கறேன். மலை எங்க போவப் போவுது?"

பாலையா வாயைத் திறந்தார்.

சபை கண்ணுக்குத் தெரிந்தது. முன்வரிசையில் வயதானவர்கள். போச்சா ஐயா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள். இப்போது தூங்குகிறவர்கள். சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை போதும். மாட்டேன் என்றாலும் ஒரு வார்த்தைதான். இரண்டும் வரவில்லை. படியில் யாரோ கோவிந்தா என்று குரல் கொடுத்தார்கள். கூட்டம் திருப்பிச் சொன்னது. அது அடங்கும் வரை அவர் வாய் திறந்தபடியே இருந்தது.

கன்னிகா அதைக் கவனித்தாள். அவள் முகம் மாறியது. ஏமாற்றம் இல்லை. பழக்கமான ஒன்றைப் பார்க்கிற முகம்.

"வுடுங்க ஐயா," என்றாள். "அவனும் இப்படித்தான் நிப்பான்."

தன் பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. தூரத்தில் உமாபதி வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தான். தார் ரோடு சுட்டது. நிழல் இருந்த இடமாகப் பார்த்துத் தாவித் தாவி வந்தான்.

"புது எடம்னா அவனுக்கு வாயே வராது," என்றாள். "கம்பெனில சேர்ந்தப்போ ஒரு வாரம் சோறு துன்னாம வந்தான். கேன்டீன் எங்கன்னு கேக்க மாட்டாம. நாந்தான் போயி செக்யூரிட்டிகிட்ட கேட்டு காட்டிட்டு வந்தேன். ஐயா, அவன் கீற எடத்துக்கு நான் போவலன்னா, அவனுக்கோசரம் யாரு கேப்பாங்க?"